மதில்மேல் பூனையும் மனைக்குரியோர் கடனும்

மார்கழி, தை மாதங்களில் ஒசூரிலிருந்து தளி வழியாக ஜவளகிரிக்குச் செல்வோர், கேழ்வரகுக் கொல்லைகளில் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருக்கும் உழவர்களைக் காணலாம். பன்னேருகட்டாக் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டின் வழியே தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கி வருவது அப்பகுதியார்க்குப் பழகிய செய்தி. சென்ற மார்கழியில் அவ்வூரில் இரண்டு நாள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. யானைகளைப் பற்றிய பேச்சையே எதிர்பார்த்துச் சென்றோம். ஆனால் நாம் தங்கிய வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் இரண்டு நாளும் பேசப்பட்டது ஒரு பூனையைப் பற்றியே.

அவ்வீட்டார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பணியின் பொருட்டு அங்குக் குடியேறிய நம் இனத்தார், நமக்கு உறவினர். அம்மையார் பள்ளி ஆசிரியை. கணவர் ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றி வாரந்தோறும் வந்து செல்பவர். கல்லூரியில் பயிலும் மகன் ஒருவன், பள்ளி செல்லும் மகள் ஒருத்தி. சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த நெல்லுக்கும் அரிசிக்கும் எலித்தொல்லை மிகுந்தது. எலிமருந்து வைப்பது நம் அறத்திற்கு ஒவ்வாதென்று அவர்கள் அதனை அறவே விலக்கினார்கள். மாறாக, மகள் விருப்பத்திற்கிணங்க ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். எலிகள் ஓடின. பூனையும் பால்சோறு உண்டு வளர்ந்து, மதில் ஏறக் கற்றுக்கொண்டது.

மதிலுக்கப்பால் வாழ்பவர் முதிய கைம்பெண் ஒருவர். வீட்டில் கன்னடம் பேசுபவர். தெருவார் அனைவர்க்கும் அவர் ‘அஜ்ஜி’. நாட்டுக்கோழி வளர்த்துச் சந்தையில் விற்பதே அவருடைய வருவாய். இருபது நாள்களுக்குள் அவருடைய குஞ்சுகள் பதினொன்று காணாமற் போயின. முதலில் கீரி என்றார்கள், பிறகு பருந்து என்றார்கள். பன்னிரண்டாவது குஞ்சை வாயிற் கவ்வியபடி நம் உறவினர் வீட்டுப் பூனை மதிலேறியதை அஜ்ஜி தம் கண்ணாலேயே கண்டார்.

அதன்பின் நிகழ்ந்தவை எல்லா ஊர்களிலும் நிகழ்பவையே. அவர் வந்து முறையிட்டார். இவர்கள் வருந்துவதாகக் கூறினார்கள். மறுவாரமும் குஞ்சு போயிற்று. அவர் கல்லெடுத்து எறிந்தார். பூனை நொண்டியபடி வந்தது. வாயில்லாச் சீவனை அடிப்பது பாவமல்லவா என்று அம்மையார் கேட்டார். அதற்கு அஜ்ஜி கூறிய விடையை அவர் கூறியவாறே எழுதுகிறோம்: “டீச்சரம்மா, உங்க பூனையை நான் அடிச்சா பாவம்னு சொல்றீங்க. என் குஞ்சு செத்தா அது பாவமில்லையா? இனி கருவாட்டுல மருந்து வச்சிடுவேன், பாருங்க.” இதைக் கேட்ட மகன், பூனையைக் கொன்றால் ஐந்தாண்டு சிறை என்று சட்டம் பேசினான். வாயடைத்துப்போன அம்மூதாட்டி, அன்று முதல் அவ்வீட்டாருடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மகன் கூறியதில் பிழையில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, எவ்விலங்கையும் கொல்வதையோ, நஞ்சிடுவதையோ, ஊனப்படுத்துவதையோ ஐந்தாண்டு வரை சிறையிடத்தக்க குற்றமாக்குகிறது. நல்ல சட்டமே. ஆயின் அது யார் கையில் எவருக்கு எதிராக எடுக்கப்படுகிறது என்பதும் எண்ணத்தக்கது. குஞ்சிழந்தவர்க்கு எளிதில் கைக்கெட்டும் சட்டம் எதுவுமில்லை. அயலார் நிலத்தில் புகுந்து அழிவு செய்யும் கால்நடைகளைப் பட்டியில் அடைக்க வகை செய்த 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு என்று நீண்ட பட்டியல் தருகிறது. பூனை அதில் இல்லை. ஆங்கில நாட்டிலும் இதே நிலைதான். 1926இல் பக்கிள் என்பவர்க்கும் ஹோம்ஸ் என்பவர்க்கும் நடந்த வழக்கு சட்டம் பயில்வோர் அறிந்தது. ஒருவர் பூனை மற்றவர் நிலத்திற் புகுந்து 13 புறாக்களையும் 2 சிறுசாதிக் கோழிகளையும் கொன்றுவிட்டது. பறவைகளைப் பிடிப்பது பூனைச் சாதிக்கே பொதுவான இயல்பு, அந்த ஒரு பூனைக்கு மட்டும் உரிய தீக்குணமன்று. ஆதலின் வளர்த்தவர் ஈடு கட்ட வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டு மன்றம் தீர்த்தது.

நமக்கு அண்மையிலுள்ள பெங்களூருவிலும் அண்மையில் ஒரு பூனை வழக்கு எழுந்தது. டெய்சி என்னும் பூனை காணாமற்போக, அடுத்த வீட்டார் அதனை அடைத்து வைத்துள்ளனர் என்று உரியவர் காவல்துறையிடம் முறையிட்டார். அவமதிப்பு, மிரட்டல் முதலிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகி உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2024 ஜூலையில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதன் மேல்நடவடிக்கைக்குத் தடை விதித்தது. அப்பிரிவுகளில் ஒன்றேனும் பூனையைப் பற்றியதில்லை என்பதை வாசகர்கள் நோக்க வேண்டும். பூனை மதில் தாண்டியது சிறிது நேரம். மனிதர் வாய் தாண்டியதே நீதிமன்றம் ஏறியது. ஜவளகிரியிலும் இன்னும் ஒரு வாரம் சென்றிருந்தால் அதுவே நடந்திருக்கும்.

ஆகவே சட்டத்தை விட்டு அறத்திடம் வருவோம். அவ்வூரிலேயே அதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. யானை மிதித்த கேழ்வரகுக்கு அரசு வனத்துறை வழியாக இழப்பீடு தருகிறது. தொகை போதாது, காலந்தாழ்த்தி வருகிறது என்ற குறைகள் உண்டு, எனினும் தருகிறது. ஏன் தருகிறது? யானையை அரசா ஏவிவிட்டது? இல்லை. யானையைத் தீண்டாதே, சுடாதே, பொறி வைக்காதே என்று உழவனுடைய கைகளைக் கட்டியது அரசு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு கட்டியது முறையே. ஆயினும் ஒருவன் தன் விளைச்சலைத் தானே காத்துக்கொள்ளும் வழியை அடைத்தவர், அவனுடைய இழப்பில் பங்கேற்கக் கடமைப்பட்டவர் ஆகிறார். நம் உறவினரும் அஜ்ஜியிடம் அடிக்காதே, மருந்து வைக்காதே என்று கூறியபோது அரசின் இடத்திலேயே நின்றார்கள். அரசு ஏற்கும் மறுபாதியை மட்டும் ஏற்கவில்லை.

அவர்களிடம் இதை எடுத்துக் கூறியபோது நமக்குக் கிடைத்த மறுமொழிகள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. அவை நம் வீடுகள் பலவற்றில் நாமே கூறியவை, இனியும் கூறுபவை.

பூனையின் இயல்பு அது, நாம் என் செய்வோம் என்பது ஒன்று. அந்த ஆங்கில மன்றத்தின் தீர்ப்பும் ஏறத்தாழ இதுவே. நம் ஆசாரியர்களும் பூனையின் இயல்பை நன்கறிந்தவர்கள். புருஷார்த்தசித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திர ஆசாரியர், பற்றின் கடுமையையும் மென்மையையும் விளக்குமிடத்துப் பசும்புல் மேயும் மான்கன்றையும் எலிக்கூட்டத்தை அழிக்கும் பூனையையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுகிறார். மானுக்கு உணவின்மேல் உள்ள பற்று மெல்லியது, பூனைக்கு வன்மையானது. ஆனால் அவரே அதே நூலில், கொல்லும் விலங்கொன்றைக் கொன்றால் பல உயிர் பிழைக்குமென்று எண்ணி அதனைக் கொல்லலாகாது என்றும், அது மேலும் பாவம் சேர்க்காதிருக்கட்டும் என்ற இரக்கத்தாலும் கொல்லலாகாது என்றும் தெளிவுறக் கூறியிருக்கிறார். எனவே பூனையின்மேல் குற்றமில்லை. அதனை ஒழிப்பதும் வழியன்று.

குற்றமில்லாத அவ்விலங்கைத் தேடிக் கொணர்ந்தவர்மேல் குற்றமுண்டா என்பதே வினா. இங்குதான் நம்மில் பலர் மறந்துவிட்ட ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். பயனின்றிச் செய்யும் தீவினையாகிய அனர்த்த தண்டத்தை இல்லறத்தார் விலக்க வேண்டுமென்று நம் சிராவக ஒழுக்க நூல்கள் விதிக்கின்றன. கார்த்திகேயானுப்பிரேட்சை, அதன் வகையாகிய ஹிம்சாதானத்தை விளக்கும்போது படைக்கலங்களையும் இரும்பையும் விற்பதற்கு முன்பாகவே பூனை முதலியவற்றை வளர்ப்பதைக் கூறுகிறது. சுவேதாம்பர மரபில் 12ஆம் நூற்றாண்டினராகிய ஹேமசந்திர ஆசாரியரின் யோகசாஸ்திரமும், பொருளின் பொருட்டு வளர்க்கலாகாத உயிர்களுள் பூனையை எண்ணுகிறது. நம் தமிழ் நாலடியார், காட்டில் வாழும் கௌதாரியையும் காடையையும் பிடித்துக் கூட்டில் அடைப்பவர், காலில் விலங்குடன் பிறர்க்கு அடிமையாய்க் கழனியில் உழலுவர் என்று எச்சரிக்கிறது. கௌதாரியை அடைத்தலில் அதற்கே துன்பம். பூனையை வளர்ப்பதில் பிறவற்றுக்குத் துன்பம்.

பூனையை ஏன் வாளோடும் கோடரியோடும் ஒரே வரிசையில் வைத்தார்கள்? முன்பெல்லாம் இது நமக்குச் சற்று மிகையாகவே தோன்றியதுண்டு. ஜவளகிரியில் அது விளங்கிற்று. எலிமருந்து வாங்க மனம் வராத ஒரு குடும்பம், அந்த மருந்து செய்யும் வேலையைச் செய்ய ஓர் உயிரைக் கொண்டுவந்தது. மருந்து டப்பாவைத் தொடாத கை தூய்மையாயிருந்தது. எலிகளின் நிலை மட்டும் முன்போலவே இருந்தது. மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டதற்கே யசோதரனும் அவன் தாயும் பிறவிதோறும் விலங்காய்ப் பிறந்துழன்ற கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். உயிரில்லாத மாக்கோழியில் எண்ணம் வினையாயிற்றென்றால், உயிருள்ள எலிகளை ஒழிக்கும் எண்ணத்துடன் பூனை வளர்த்ததை என்னவென்பது? தானியத்தை மூடியுள்ள தகரக் குதிரில் இட்டு, சுவர்த் துளைகளை அடைத்திருந்தால் எலிகளும் வந்திரா, பூனையும் வந்திராது. நாம் இதனைக் கூறியபோது அவ்வீட்டுத் தலைவர், அப்போது தோன்றவில்லை என்றார். பிரமாதம் என்று நூல்கள் கூறுவது பெரும்பாலும் இந்தத் தோன்றாமையையே.

அடுத்து, “நம் வீட்டில் அதற்குப் புலால் கொடுப்பதேயில்லை” என்று அம்மையார் கூறியது. இதைக் கூறும்போது அவர் குரலில் சிறிது பெருமிதமும் இருந்தது. காலையும் மாலையும் பால்சோறு, தயிர்சோறு, அவ்வளவே. நம் வீடுகளில் வளரும் பூனைகள் பெரும்பாலும் இவ்வாறே வளர்கின்றன. பூனை புலாலுண்ணாமல் வாழ்கிறதென்று நாமும் மகிழ்கிறோம்.

அது வாழவில்லை, வெளியே சென்று உண்கிறது. நாய் கலப்புணவில் வாழக்கூடியது. பூனையின் உடல் அவ்வாறு அமையவில்லை. டாரின் என்னும் சத்து அதற்கு உணவிலிருந்தே போதிய அளவு கிடைத்தாக வேண்டும். அது புலாலில் மிகுதி, பாலில் மிகச் சிறிது, தானியத்தில் இல்லையென்றே சொல்லலாம். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடுகிறதென்று 1970களிலும், இதயம் நலிகிறதென்று 1987இலும் ஆய்வாளர் கண்டனர். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் நேரடியானது. வெளியே திரியும் பூனைகளுக்குத் தானியம் கலவாத புலால் மிகுந்த உணவு தந்தபோது, அவை வேட்டையாடி வீட்டுக்குக் கொணர்ந்த உயிர்கள் 36 விழுக்காடு குறைந்தன; நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் உடன் விளையாடியதால் 25 விழுக்காடு குறைந்தன. கழுத்தில் மணி கட்டியதால் அவ்வாய்வில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவதென்று காலமெல்லாம் கேட்டு வந்தோம். கட்டியும் பெரும் பயனில்லை போலும்.

இதன் பொருள் கசப்பானது. நம் பூனைக்கு நாம் தராத புலாலை அது அஜ்ஜியின் முற்றத்தில் எடுத்துக்கொண்டது. நம் அடுக்களையின் தூய்மைக்கு விலை கொடுத்தவர் அந்த மூதாட்டி. நாம் உண்ணாத ஒன்றை நம் பெயரால் இன்னொரு வாய் உண்ண, அதன் கணக்கு மதிலுக்கப்பால் எழுதப்பட்டது. இது அகிம்சையாகுமா?

இங்கு ஓர் அன்பர் இடைமறிக்கலாம். பகவான் மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாயிருந்தபோது, சாரண முனிவர் இருவருடைய அறவுரை கேட்டுப் புலாலைத் துறந்து, நோன்பிருந்து உயிர்விட்டதை ஸ்ரீபுராணம் படித்தோர் அறிவர். ஐம்பொறியும் மனமும் உடைய விலங்குக்கு விரதம் கூடும் என்பது நம் கொள்கை. அவ்வாறிருக்கப் பூனைக்குப் பால்சோறு தருவது தவறா? சிங்கம் தானே உணர்ந்து துறந்தது. அதனைக் கூண்டில் அடைத்து எவரும் பால்சோறு வைக்கவில்லை. விரதமென்பது உணர்ந்து ஏற்பது; மற்றோர் உயிரின் தட்டில் நாம் வைப்பது விரதமாகாது. உணவையும் நீரையும் மறுத்தலை அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுவதையும் இங்கு நினைக்க வேண்டும். வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடந்தால் அது எந்தக் கணக்கில் சேரும்?

செயற்கை டாரின் சேர்த்த தாவர உணவுகள் சில இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவை போதுமா என்பதில் கால்நடை மருத்துவர்களே ஒருமனப்படவில்லை. விரும்புவோர் மருத்துவர் கண்காணிப்பில் முயலலாம். அதுவன்றி, பூனை வளர்ப்போர் தெரிந்தே புலால் தருகிறார்கள், அல்லது தெரியாததுபோல் இருந்து அது எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். டில்லி செங்கோட்டையின் எதிரேயுள்ள நம் திகம்பர லால் மந்திரின் பறவை மருத்துவமனை இக்குழப்பத்தை ஒருவகையில் தீர்த்துக்கொண்டது. தானியம் உண்ணும் பறவைகளை உள்ளே தங்க வைத்து மருத்துவம் செய்கிறார்கள், பருந்து போன்றவற்றுக்கு வெளியே வைத்து மருந்திட்டு அனுப்பிவிடுகிறார்கள். மருத்துவமனைக்கு அது இயலும். வீட்டில் மடியில் துயிலும் பூனைக்கு வெளிநோயாளர் பிரிவு வைக்க இயலாது. ஆசாரியர்கள் வளர்க்கவே வேண்டாம் என்றது, இந்த இரண்டுங்கெட்ட நிலையை முன்பே கண்டதனால்தான் என்று நினைக்கிறோம்.

இனி, கூச்சத்துடன் தணிந்த குரலில் சொல்லப்பட்ட ஒரு மறுமொழி. “அந்தக் குஞ்சுகள் எப்படியும் சந்தைக்குப் போய்க் கத்திக்கு இரையாகப் போகிறவைதாமே? அவற்றுக்குப் பணம் கொடுத்தால் அவர் மேலும் குஞ்சு வாங்குவார், மேலும் கொலை. நம் பணம் அதற்கா போக வேண்டும்?” இக்கேள்வி நம்மைச் சிறிது நேரம் வாயடைக்கச் செய்தது. புலால் விற்பனைக்கு உதவும் பொருளை வழங்க ஒரு சிராவகன் தயங்குவது முறைதான்.

ஆனால் இரவெல்லாம் எண்ணிப் பார்த்ததில் சில தெளிந்தன. அக்குஞ்சுகள் உயிரோடிருந்தவரை நம் கருணைக்கு அவை வரவில்லை. அவற்றின் பிற்கால மரணம் நம் நினைவுக்கு வந்தது நாம் ஈடு கட்ட வேண்டிய நாளில்தான். இத்தகைய கருணையை நாம் ஐயுறவேண்டும். மேலும், நம் விரதம் அஜ்ஜியின் விரதமன்று. அவர் தம் முன்னோர் வழியில், தம் கையுழைப்பில் வாழ்கிறார். கொடாததைக் கொள்ளாமை நம் மூன்றாம் விரதம். அதில் பொருளுக்குரியவர் அதனை என்ன செய்யப்போகிறார் என்ற வினாவுக்கு இடமில்லை. கசாப்புக்காரரின் ஆட்டைத் திருடினால் அது திருட்டல்ல என்று எந்த நூலும் சொல்லவில்லை. அவருடைய தொழிலைப் பிடிக்காதவர் அவரிடம் வாதிடலாம். அவருக்குச் செலுத்த வேண்டியதை நிறுத்திக்கொள்ளலாகாது.

இதில் இன்னொன்றும் உண்டு; அதனை எழுதத் தயங்கியே எழுதுகிறோம். அயலார் நம்மைப் பார்த்து, ‘எறும்புக்கும் தீங்கு செய்யாதவர்கள்’ என்கிறார்கள். அந்த நற்பெயர் முன்னோர் தேடி வைத்தது. அதனையே கேடயமாக்கி, ‘நாங்களா உங்களுக்குத் தீங்கு செய்வோம்?’ என்று கேட்டால் எதிரில் நிற்பவர்க்குப் பேச வாயிருக்காது. அஜ்ஜி முதலில் இரண்டு வாரம் வாய் திறவாமலிருந்ததும் அதனால்தான் என்று பிறகு அவரே நம்மிடம் சொன்னார். படித்தவர்கள், பூசை செய்கிறவர்கள், இவர்கள் வீட்டுப் பூனையா என்று அவர் தம் கண்ணையே நம்பவில்லையாம்.

சீவக சிந்தாமணியில் ஒரு நாய் வருகிறது. அந்தணர் சமைத்து வைத்த சோற்றில் வாய்வைத்ததற்காக அது குற்றுயிராக அடிக்கப்படுகிறது. சீவகன் அதன் செவியில் மந்திரம் ஓதி நற்கதி அடையச் செய்கிறான். இப்பகுதியைப் படிக்குந்தோறும் நாம் சீவகனோடு நிற்கிறோம், நிற்க வேண்டியதே. அவன் அந்நாயை வளர்த்தவனல்லன். அது அவனுடைய நாயாக இருந்திருந்தால், மந்திரம் ஓதுவதற்கு முன் கெட்ட சோற்றுக்கு அவன் என்ன செய்திருப்பான் என்ற எண்ணம் ஜவளகிரியிலிருந்து திரும்பும் பேருந்தில் நமக்குத் தோன்றியது. காப்பியம் அதனைச் சொல்லவில்லை.

அப்படியானால் பூனையை எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடலாமா? மகன் அதனையும் சொன்னான். சாக்கில் கட்டிக் காட்டோரம் விட்டால் தீர்ந்தது என்றான். சிறுத்தை திரியும் காடு அது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். சட்டம் இருக்கட்டும். நான்காண்டு மடியில் துயின்ற உயிரைக் காட்டோரம் விட்டு வருபவர், தம் பிழைக்கு அதனைத் தண்டிக்கிறார். கட்டிப்போடலாமென்றால் கட்டுதலும் அதே ஐந்து அதிசாரங்களுள் முதலாவது. எனினும் துன்புறுத்தும் கருத்துடன் கட்டுவதும், இரவில் ஓர் அறைக்குள் உணவும் நீரும் மணல் தட்டும் வைத்துக் கதவைச் சாத்துவதும் ஒன்றாகா. பெரும்பாலான வேட்டை மாலையிலிருந்து விடியல்வரை நிகழ்வதால் அந்நேரம் அடைப்பது பயன் தரும். கருத்தடை அறுவை பற்றியும் பேச்செழுந்தது. அதனை உறுப்பறுத்தல் என்னும் அதிசாரமாகக் கருதும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்களை மறுத்துரைக்க நமக்குத் துணிவில்லை. ஆயின் ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றும், ஒவ்வோர் ஈற்றிலும் நான்கைந்து குட்டிகளும் தெருவில் பெருகி, அவை அத்தனையும் பசியோடு அயலார் முற்றங்களில் இறங்குவதை நினைக்கும்போது, நம் மனம் அறுவையின் பக்கமே சாய்கிறது.

இரண்டாம் நாள் பிற்பகல் அம்மையாரோடு நாமும் அடுத்த வீட்டுக்குச் சென்றோம். பிழை தங்களுடையதே என்று அவர் சொன்னார். மகனும் வந்து, சிறை என்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான். குஞ்சுகளின் விலையைக் கொடுக்க முன்வந்தபோது அஜ்ஜி நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, காசு வேண்டாம், கோழிகளை இரவில் அடைக்க வலையடித்த ஒரு கூடு செய்து தந்தால் போதும் என்றார். நம் தயக்கத்திற்கு ஏற்றதைத் தற்செயலாக அவரே கேட்டுவிட்டார். ஒருகால் அவர் காசையே கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் நமக்கு இப்போது ஐயமில்லை. மூங்கிற் பஞ்சாரத்தின் கீழ் இருந்த ஐந்தாறு குஞ்சுகளை எண்ணிக் காட்டினார். கூட்டுக்கான மரச்சட்டமும் கம்பிவலையும் மறுநாளே வாங்குவதென்று முடிவாயிற்று.

நாம் எழுந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அடுத்த வீட்டில் சாத்திய சன்னலுக்குள்ளிருந்து பூனை கத்திக்கொண்டிருந்தது. அஜ்ஜி அப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அதுக்குச் சாப்பாடு போட்டாச்சா, டீச்சரம்மா?” என்று கேட்டார்.

அம்மையார் உடனே விடை சொல்லவில்லை.